அன்னத் தட்டின் விளிம்பில் இரண்டு கேடயங்கள்

வணக்கம். இன்று உங்களுக்குக் காட்டப்போவது ஒரேயொரு தட்டின் படம். திரையைச் சற்றுப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். முதல் பார்வைக்கு இது விளிம்பில் சில பூக்கள் தெளித்த வெள்ளைத் தட்டாகத்தான் தெரியும். சாய்வெளிச்சத்தில் பார்த்தால், சிப்பியின் வரிகளைப் போல மெல்லிய மடிப்புகள் விரிவதும், நாணலுக்கிடையே இரண்டு அன்னங்கள் நீந்துவதும், அருகே ஒரு நாரை அலகில் மீனோடு நிற்பதும், இன்னொன்று மேலிருந்து இறங்கி வருவதும் புலப்படும். இவற்றில் ஒரு துளி வண்ணமும் இல்லை, எல்லாம் வெள்ளையின் மேல் எழுந்த வெள்ளைப் புடைப்பு. குழம்பை ஊற்றினால் அத்தனையும் மறைந்துவிடும்!

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள மைசன் பீங்கான் ஆலையில் 1737 முதல் 1742 வரை, தலைமைச் சிற்பி கேண்ட்லரும் அவருக்குத் துணையாக எபர்லைனும் உருவாக்கிய, 2,200-க்கும் மேற்பட்ட உருப்படிகள் கொண்ட விருந்துத் தொகுதியைச் சேர்ந்தது இத்தட்டு.

இப்போது விளிம்புக்கு வாருங்கள். ஒரே மகுடத்தின் கீழ் இரண்டு கேடயங்கள் ஒட்டி நிற்கின்றன: ஒன்று சாக்சனியின் அமைச்சர் ஹைன்ரிச் ஃபொன் ப்ரூலின் குலச்சின்னம், மற்றொன்று அவர் மனைவி பிறந்த கொலோவ்ராட் குடும்பத்தினுடையது. ஆலையின் நிர்வாகமே ப்ரூலின் கையில் இருந்தது. வேண்டிய பீங்கானை விலையின்றிப் பெறும் உரிமையும் அவருக்குக் கிடைத்திருந்தது. 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்பது இதுதான் போலும். சுற்றியுள்ள பூக்களை ஜெர்மானியர் 'இந்தியப் பூக்கள்' என்றார்கள். உண்மையில் அவை ஜப்பானியப் பீங்கானிலிருந்து வந்தவை.

அன்னங்கள் அச்சிலேயே பிறந்தவை. சின்னமோ மெருகுக்கு, அதாவது பீங்கானின் மேலுள்ள கண்ணாடிப் பூச்சுக்கு, மேல் எனாமல் வண்ணத்தில் தீட்டப்பட்டு, குறைந்த சூட்டில் மறுபடி சுடப்பட்டது. ஆகவே கத்தியும் முள்கரண்டியும் உரசினால் முதலில் தேய்வது குடும்பப் பெருமையும் விளிம்புப் பொன்னும்தான். நல்ல நிலையிலுள்ள சின்னத்துக்குச் சேகரிப்பாளர்கள் ஏன் அவ்வளவு மதிப்பளிக்கிறார்கள் என்பது இதனால் விளங்கும்.

இன்றைய போலந்திலுள்ள, ப்ரூல் குடும்பத்தின் ஃபோர்டன் மாளிகையில் இரண்டு நூற்றாண்டுகள் இருந்த தொகுதி, 1945-இல் போரின் முடிவில் பெரும்பகுதி உடைந்தும் சிதறியும் போயிற்று. அன்ன வடிவத்தை மைசன் பிற்காலத்திலும் வார்த்து விற்றிருக்கிறது. எனவே வாங்க நினைப்பவர்கள் அடியிலுள்ள மைசன் முத்திரையான நீல நிறக் குறுக்கு வாள்களை மட்டும் நம்பிவிடாமல், விளிம்பில் அந்த இரட்டைக் கேடயம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.