ஐந்தாவது ஆட்டத்தின் நாயகன்

நேயர்களுக்கு வணக்கம்.

2012 ஜனவரியில் லியாண்டர் பயஸ் முதன்முறையாக ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸ் ஆடவர் இரட்டையர் பட்டம் வென்றதை மறந்திருக்க மாட்டீர்கள். இறுதியில் தோற்றவர்கள் பிரையன் சகோதரர்கள். அன்று பயஸுக்குப் பக்கத்தில் நின்று ஆடியவர் செக் நாட்டின் ராடெக் ஸ்டெபானெக். அவரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

1978-இல் கர்வினா நகரில் பிறந்தவர். 2006-இல் ஒற்றையர் தரவரிசையில் எட்டாம் இடம் வரை உயர்ந்தார். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் மட்டும் கடைசிவரை கைகூடவில்லை. ஆனால், நாட்டுக்காக ஆடும் டேவிஸ் கோப்பையில் அவர் வேறு மனிதர். அங்கே இரு நாடுகள் மோதினால் நான்கு ஒற்றையர், ஓர் இரட்டையர் என ஐந்து ஆட்டங்கள்; 2-2 என்றால் ஐந்தாவது ஆட்டமே முடிவு சொல்லும்.

2009 அரையிறுதி, குரோஷியாவின் போரெச் நகரம். எதிரே ஆறடி பதினோரு அங்குல உயரமுள்ள இவோ கார்லோவிச். அன்று அவர் அடித்த ஏஸ்கள், அதாவது எதிராளி தொடவே முடியாத சர்வீஸ்கள், மட்டும் 78. அத்தனை முறையும் பந்து தன்னைக் கடந்து போவதைப் பார்த்துவிட்டு, அடுத்த பக்கம் நடந்து, மறுபடி குனிந்து காத்து நின்றார் ஸ்டெபானெக். முதல் நான்கு செட்டுகளும் 6-6 எனச் சமமாகி, டைபிரேக்கரில்தான் முடிவாயின. ஐந்தாவது செட் 16-14. ஆறு மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு. வென்றவர் ஸ்டெபானெக்! இப்படி ஒரு பொறுமையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

2012 நவம்பரில் பிராகாவில் ஸ்பெயினுடன் இறுதிப்போட்டி. முதல் நாள் ஸ்பெயினின் ஃபெரரிடம் தோற்றார். மறுநாள் சக செக் வீரர் பெர்டிச்சுடன் சேர்ந்து இரட்டையரை வென்றார். மூன்றாம் நாள் கணக்கு 2-2. 34 வயதை எட்ட ஒன்பதே நாள் இருந்த அவர், பந்தை வெட்டிப் போட்டு வலைக்கு ஏறி வந்து ஸ்பெயினின் அல்மக்ரோவை நான்கு செட்டில் சாய்த்தார். 1980-இல் செக்கோஸ்லோவாக்கியா வென்ற கோப்பை, செக் குடியரசு என்ற பெயரில் வந்தது அதுவே முதல் முறை.

அடுத்த ஆண்டு பெல்கிரேடில் செர்பியாவுடன் இறுதிப்போட்டி. செர்பியாவின் ஜோகோவிச் தன் இரு ஒற்றையர் ஆட்டங்களையும் வென்றிருந்தார். மீண்டும் 2-2, மீண்டும் ஐந்தாவது ஆட்டம், மீண்டும் ஸ்டெபானெக். செர்பிய வீரர் லாயோவிச்சை நேர் செட்டுகளில் வென்று கோப்பையைத் தக்கவைத்தார்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் சானியா மிர்சா, ரோஹன் போபண்ணா இணையை வீழ்த்தி, செக் வீராங்கனை ஹ்ராடெட்ஸ்காவுடன் கலப்பு இரட்டையர் வெண்கலம் பெற்றவரும் இவரே. அன்று நமக்கு வலித்தது உண்மை.

2017 நவம்பரில் ஓய்வை அறிவித்தார். சில வாரங்களில் அவரைத் தம் பயிற்சியாளர் குழுவில் சேர்த்துக்கொண்டவர், பெல்கிரேடில் எதிரணியில் நின்ற அதே ஜோகோவிச்.