சடங்கும் சிகிச்சைதான்

மனநல ஆலோசகர்களாகப் பயிற்சி பெறும் தம்பி தங்கைகளுக்கு வணக்கம்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியாகக் கடல் பொங்கியபோது நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கொள்ளைநோய் வந்துவிடும் என்ற அச்சத்தில் உடல்களை மொத்தம் மொத்தமாகப் புதைத்தார்கள். பேரிடரில் இறந்தவர்களின் உடல்களால் பொதுவாகக் கொள்ளைநோய் பரவுவதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் அந்த அவசரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குக் கடைசியாக முகம் பார்க்கவும் வாய்க்கரிசி போடவும் கொடுத்துவைக்கவில்லை.

ஆகவே, "என் பிள்ளைக்குக் கருமாதிகூடச் செய்யவில்லையே" என்று ஒரு தாய் கதறினால், அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்காதீர்கள். நோய்க்குறி என்று ஏட்டில் எழுதிவிட்டு நகராதீர்கள். அவருடைய துயரம் அங்கேதான் முடிச்சிட்டு நிற்கிறது. உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பையால் உருவம் செய்து எரியூட்டும் வழக்கம் இந்துக்களிடம் உண்டு. ஷாஃபி என்ற இஸ்லாமியச் சட்ட மரபைப் பின்பற்றும் முஸ்லிம்கள் காயிப் ஜனாஸா, அதாவது உடல் எதிரில் இல்லாமலே இறந்தவருக்கான தொழுகை, தொழுவார்கள். கத்தோலிக்கர்கள் ஆன்ம இளைப்பாற்றிக்குத் திருப்பலி ஒப்புக்கொடுப்பார்கள். இவற்றுக்கு இடமும் நேரமும் ஏற்பாடு செய்து தருவது உங்கள் வேலை. ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் இணைந்து 2007இல் வெளியிட்ட உளசமூக உதவி (மனநலத்தையும் சமூக உறவுகளையும் சேர்த்துத் தாங்கும் உதவி) வழிகாட்டியும் இதை வலியுறுத்துகிறது.

நம்பிக்கை எப்போதும் ஆறுதலாகவே இருந்துவிடாது. நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீத், அதாவது தியாகி, என்ற இஸ்லாமிய நம்பிக்கை, அதே சுனாமி தாக்கிய இந்தோனேசியாவின் அச்சேயில் பலரைத் தாங்கிப் பிடித்தது. அதே அச்சேயில், இது பாவத்துக்குத் தண்டனை என்ற பேச்சும் எழுந்தது. கடவுள் தன்னைத் தண்டித்துவிட்டார், கைவிட்டுவிட்டார் என்று எண்ணுபவர்களின் மனத்துயர் கூடுதலாக இருப்பதை உளவியலாளர் கெனத் பார்கமென்ட்டின் ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படிச் சொல்பவரிடம் வேதாந்தம் பேசி வாதாடாதீர்கள். முழுவதும் கேளுங்கள். அவர் விரும்பினால், அவர் மதிக்கும் இமாமையோ பூசாரியையோ பாதிரியாரையோ அழைத்து வாருங்கள். அழைப்பதற்கு முன், "உன் பாவம்தான்" என்று சொல்லக்கூடிய மனிதரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சாமியை அங்கே கொண்டுபோகாதீர்கள். அரிசி மூட்டையோடு மதப் பிரசுரத்தை நீட்டுவதை என்னால் மன்னிக்க முடியாது; பசித்தவரால் அதை மறுக்கவும் முடியாது. கடவுள் மறுப்பாளரிடம் பிரார்த்தனையைத் திணிப்பதும் அதே கொடுமைதான்.

முதல் சந்திப்பிலேயே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "இந்த நேரத்தில் உங்களுக்கு எது துணையாக இருக்கிறது?" கோயில் என்றாலும், கட்சித் தோழர்கள் என்றாலும், எதுவும் இல்லை என்றாலும் அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொண்டு, அங்கிருந்து தொடங்குங்கள்.