நாய்க்குட்டியும் நடைக்கயிறும்

நேயர்களுக்கு வணக்கம்.

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் நாய் இல்லாத சாளையை, அதாவது தோட்டத்து வீட்டை, பார்ப்பது அரிது. பட்டியில் ஆடு, களத்தில் தேங்காய், கட்டுத்தரையில் மாடு. ராத்திரியில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் குரைக்க ஒரு நாய் வேண்டும். அதனால் குட்டி வந்த அன்றைக்கே ஒரு சங்கிலியை வாங்கி வந்து வேப்பமரத்திலோ ஆசாரத்துத் தூணிலோ கட்டிவிடுகிறோம். நகரத்து வீடுகளில் மரத்துக்குப் பதில் மாடிப்படிக் கம்பி, அவ்வளவுதான் வித்தியாசம். அப்புறம் சில மாதங்கள் கழித்து, "ஏனுங்க டாக்டர், வெளிய கூட்டிட்டுப் போலாம்னு கயித்தப் புடிச்சா நாலு காலையும் ஊனிட்டுப் படுத்துக்குதுங்க; இல்லீன்னா நம்மள இழுத்துட்டு ஓடுதுங்க" என்று கேட்பார்கள்.

குட்டியின் மேல் குற்றமில்லை. தாயையும் கூடப்பிறந்த குட்டிகளையும் பிரிந்து வந்த முதல் ராத்திரி, கழுத்தில் ஒரு பாரம். எந்தப் பக்கம் போனாலும் அது இழுத்து நிறுத்துகிறது. மனிதர்களோ கதவுக்கு அந்தப் பக்கம். கழுத்தில் ஏதாவது மாட்டினால் தனியாகக் கிடக்க வேண்டும் என்பதுதான் அது கற்றுக்கொண்ட முதல் பாடம். பிறகு அதையே மாட்டி "வா, போலாம்" என்றால் எப்படி வரும்? ஆகவே கட்டிப்போடும் சங்கிலி வேறு, கூட்டிப்போகும் கயிறு வேறு. இரண்டையும் கலக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

குட்டியைத் தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன்னால் பிரிக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் முதலில் கயிறு வேண்டாம், கழுத்துப்பட்டை மட்டும் போதும். நைலானிலோ பருத்தியிலோ லேசான, தட்டையான பட்டை. மாட்டிய பிறகு பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். சோறு வைப்பதற்குச் சற்று முன்னால் மாட்டுங்கள், சாப்பிட்டு முடித்ததும் கழற்றுங்கள். முதலில் பின்னங்காலால் பிறாண்டும், உருளும். கண்டுகொள்ளாதீர்கள், பழகிவிடும். ஆனால் குட்டி வளரும் வேகத்துக்குப் பட்டை வாரத்துக்கு வாரம் இறுகும். விரலை விட்டுப் பார்க்க மறந்து, தோலில் புண்ணாகி வருகிற குட்டிகள் ஏராளம். சலங்கை கோத்த பட்டைகளை எனக்குப் பிடிக்காது. நமக்கு அழகாக இருக்கலாம், நாளெல்லாம் காதுக்கடியில் ஓசை கேட்பது குட்டிதானே.

பட்டை பழகியதும் நாலு அடி நீளத்தில் கனமில்லாத கயிறு ஒன்றை அதில் கோத்து, வீட்டுக்குள்ளேயே தரையில் இழுபடும்படி விடுங்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும். ஆள் இல்லாத நேரத்தில் கட்டில் காலில் சிக்கிக் கழுத்தை இறுக்கிவிடும். கயிற்றைக் கடித்து விளையாடினால் வெடுக்கென்று பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அதற்கு அதுவே விளையாட்டாகிவிடும். கடிக்க வேறு பொம்மையைக் கொடுத்துவிட்டுக் கயிற்றைச் சும்மா விட்டுவிடுங்கள்.

அடுத்தது கயிற்று நுனியைக் கையில் எடுப்பது. பெரும்பாலும் காரியம் கெடுவது இங்கேதான். கன்றுக்குத் தலைக்கயிறு பழக்கியவர்களுக்குத் தெரியும்: முன்னால் நின்று இழுத்தால் கன்று காலை ஊன்றிப் பின்னால் சாயும், கயிற்றைத் தளர்த்திக் கையில் ஒரு பிடி பசுந்தட்டைக் காட்டி நடந்தால் பின்னாலேயே வரும். நாய்க்குட்டியும் அதே கதைதான். கழுத்தில் இழுவை பட்டால் எதிர்ப்பக்கம் சாய்வது அதன் உடம்பின் இயல்பு, பிடிவாதம் அல்ல. எனவே முதலில் குட்டி போகிற பக்கமெல்லாம் நீங்கள் போங்கள். பிறகு குந்தி உட்கார்ந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், அல்லது இரண்டடி பின்னால் நகருங்கள். குட்டிகளுக்கு விலகிப் போகிறவரைத் தொடர்ந்து ஓடுவது பிடிக்கும். வந்ததும் உங்கள் முழங்கால் பக்கத்திலேயே வைத்து ஒரு சின்னத் துண்டு கொடுங்கள். உப்பு மசாலா இல்லாமல் வேகவைத்த கோழிக்கறி, அவித்த முட்டை, ஏதாவது ஒன்று, சுண்டுவிரல் நகம் அளவு போதும். திராட்சை, சாக்லேட், வெங்காயம் சேர்ந்த எதுவும் நாய்க்கு ஆகாது. பசியோடு இருக்கும் நேரமாகப் பார்த்து ஐந்து நிமிடம் பழக்குங்கள். சலிப்பதற்குள் நிறுத்திவிடுங்கள்.

கயிறு தொய்ந்திருந்தால் நடை, இறுகினால் நிறுத்தம். குட்டி முன்னால் இழுத்தால் நின்றுவிடுங்கள். திட்ட வேண்டாம், சுண்டி இழுக்கவும் வேண்டாம். என்னடா வரவில்லை என்று அது திரும்பிப் பார்க்கும், அப்போது கயிறு தொய்யும், உடனே நடங்கள். உட்கார்ந்துகொண்டால் தரதரவென இழுக்காமல், கயிற்றைத் தளர்த்திவிட்டுக் காத்திருங்கள். முதல் வாரத்தில் வாசலிலிருந்து தெருமுனை போய்ச் சேரவே பொறுமை போய்விடும், உண்மைதான். ஆனால் நீங்கள் நின்று பழக்குவதை வீட்டில் இன்னொருவர் இழுத்த இழுப்புக்கு ஓடிக் கெடுத்தால் பலனில்லை. பெரும்பாலும் அப்படிக் கெடுப்பது அப்பிச்சியும் பேரனும்தான்! வீட்டில் எல்லோருக்கும் ஒரே விதி இருக்க வேண்டும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சே சிரமம். அவற்றுக்குக் கழுத்தில் இழுவை படாத நெஞ்சுப்பட்டையில் கயிற்றை மாட்டுங்கள்.

தெருவுக்கு எப்போது இறக்கலாம்? தடுப்பூசிகளை முடித்த பிறகு. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை அடுத்தவை, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. குட்டிகளுக்கு வாந்தியும் ரத்தக்கழிச்சலும் வரவைக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஊசி போடாத குட்டி அந்த மண்ணை மோந்தாலே போதும். அதற்காக அடைத்தும் வைக்காதீர்கள். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு பதினான்காவது வாரம் வரைதான் உலகம் அதன் மனதில் பதிகிற காலம். கையில் தூக்கிக்கொண்டு வாசலில் நில்லுங்கள். டவுன் பஸ் ஹாரன், மாரியம்மன் நோம்பித் தப்பட்டை எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே கேட்கட்டும். சோமனூர்ப் பக்கம் வளர்கிற குட்டிகள் தறிச்சத்தத்திலேயே தூங்குகின்றன. சிறுவயதில் கேட்டது பயமாக இருக்காது.

வெயில் காலத்தில் தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். நம் கை தாங்காவிட்டால் அதன் பாதமும் தாங்காது. சித்திரை வைகாசியில் பொழுது விழுந்த பிறகும் தார் உடனே ஆறாது, விடியற்காலைதான் நல்லது.

காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கத்து நேயர்களுக்கு ஒரு விஷயம். நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப்போட்ட கொடுமையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வீட்டு நாயும் அவிழ்த்துவிட்டால் அந்தக் கூட்டத்தோடு சேரலாம். ஓடுகிற ஆட்டைத் துரத்துவதில் ஒருமுறை ருசி கண்ட நாயைத் திருத்துவது கடினம். அதனால் குட்டியாக இருக்கும்போதே கயிற்றோடு ஆட்டுப்பட்டிப் பக்கம் கூட்டிப்போங்கள், முதலில் நன்றாகத் தள்ளி நின்று. ஆட்டைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தால் ஒரு துண்டு கறி. காது விடைத்து உடம்பு விறைத்தால் பேசாமல் திரும்பி இன்னும் தள்ளிப் போங்கள். நாளுக்கு நாள் தூரத்தைக் குறைக்கலாம். தெருநாய்கள் எதிரே வந்தாலும் இதே முறைதான்: நடுவில் நீங்கள் நின்றுகொண்டு, குட்டியோடு அமைதியாகத் திரும்பி நடங்கள்.

சரி, கட்டவே கூடாதா என்று கேட்பீர்கள். தோட்டத்தில் சில நேரம் கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் நாள் முழுக்கக் கட்டிக்கிடக்கும் நாய் நல்ல காவல்நாய் ஆகாது, வெறுமனே எரிச்சல் பிடித்த நாய்தான் ஆகும். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-லேயே வந்துவிட்டது. அளவுக்கு மீறிக் கனமான அல்லது குட்டையான சங்கிலியில் வெகுநேரம் கட்டுவதும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்கக் கூட்டிப்போகாமல் விடுவதும் அதன் 11-ஆவது பிரிவின்படி குற்றம். கட்டுகிற இடத்தில் நிழலும் தண்ணீரும் இருக்கட்டும். சங்கிலி முறுக்கிக்கொள்ளாமல் நடுவில் சுழலும் வளையம் இருக்கட்டும். நடைக்கயிற்றை மட்டும் அதற்கு எடுக்காதீர்கள். அதைத் தனியாக ஓர் ஆணியில் மாட்டிவையுங்கள், கொஞ்சம் உயரமாகவே. பல் முளைக்கிற வயதில் எட்டினால் கடித்துத் துண்டாக்கிவிடும்.

நன்றி, வணக்கம்.