ராத்திரி இரண்டு மணிக்கு நெட்டை இழுப்பது யார்?

வணக்கம் நேயர்களே. போன வருஷம் எங்கள் வீட்டில் ஒவ்வொரு மாதமும் இருபது தேதி ஆனால் போதும், நெட் நகரவே நகராது. நெட் கம்பெனிக்குப் போன் செய்தால், "கோட்டா முடிஞ்சிடுச்சு சார், நீங்கதான் யூஸ் பண்ணியிருக்கீங்க" என்பார்கள். வீட்டில் இருப்பதோ பதினொரு கருவிகள். எந்தக் கருவி, எந்த நேரத்தில் என்று அவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் ரவுட்டர்தான், என்னுடையது எதையும் எழுதி வைக்கிற ரகமில்லை.

மலிவு ரவுட்டர்களில் 'சிஸ்டம் லாக்' (லாக் என்றால் நடந்ததை எழுதி வைக்கும் பதிவேடு) என்று ஒரு பக்கம் இருக்கும், அதை நம்பி வாங்கிவிடாதீர்கள். இணைப்பு வந்தது, போனது, இந்த போனுக்கு இந்த ஐபி முகவரி எண் கொடுத்தேன் என்பதோடு பெரும்பாலும் அது நின்றுவிடும். அதுவும் ரவுட்டரின் ராமில்தான் இருக்கும், கரண்ட் போய் வந்தால் எல்லாம் காலி. வரி வரியாக உடனுக்குடன் நம் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிற ரவுட்டர்தான் நமக்கு வேண்டும். அந்த முறைக்கு சிஸ்லாக் என்று பெயர். 1980களில் எரிக் ஆல்மன் என்ற நிரலாளர் தன் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்காகச் செய்தது, இன்றைக்கும் யூடிபி 514 என்ற போர்ட்டில் (கம்ப்யூட்டருக்குள் தகவல் நுழையும் எண் போட்ட வாசல்) அதே எளிமையோடு ஓடுகிறது. கடையில் "ரிமோட் சிஸ்லாக் இருக்கா?" என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால், அந்த மாடலின் கையேட்டை இறக்கி நீங்களே தேடிப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் இரண்டே வழிதான் சொல்வேன். ஒன்று, ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டரின் சொந்த மென்பொருளுக்குப் பதிலாகப் போடுகிற இலவச மென்பொருள்) ஏற்றக்கூடிய ரவுட்டர். லிங்க்ஸிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் என்ற திறந்த மென்பொருள் இருந்ததால் அதன் மூலநிரலை வெளியிட வேண்டி வந்தது, 2004-இல் அதிலிருந்து பிறந்த திட்டம் இது. அவர்கள் தளத்தில் உள்ள பட்டியலில் உங்கள் மாடல் மட்டுமல்ல, அதன் வெர்ஷன் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள், ஒரே பெயரில் உள்ளே வேறு சிப் வைத்து விற்பது உண்டு. இன்னொன்று, லாட்வியா நாட்டு மைக்ரோடிக் கம்பெனியின் ரவுட்டர். கற்றுக்கொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் சிஸ்லாக்கோடு 'டிராஃபிக் ஃப்ளோ'வும் அதிலேயே இருக்கிறது.

சிஸ்லாக்குக்கும் டிராஃபிக் ஃப்ளோவுக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். ரவுட்டரின் ஃபயர்வாலில் (வருவதையும் போவதையும் சோதிக்கும் காவல் பகுதி) லாக் போட்டால் யார் எங்கே போனார் என்று சிஸ்லாக்கில் வரும் (புதிய இணைப்புக்கு மட்டும் போடுங்கள், இல்லாவிட்டால் பாக்கெட்டுக்கு, அதாவது ஒவ்வொரு சின்னத் தகவல் துண்டுக்கும், ஒரு வரி வந்து கொட்டும்). எவ்வளவு டேட்டா போனது என்பதை ஃப்ளோ பதிவுதான் சொல்லும்.

நான் மைக்ரோடிக் வாங்கினேன். முதல் ராத்திரி, எல்லோரும் தூங்கிய பிறகு, 2.17-க்கும் 192.168.1.23 என்ற ஒரே முகவரி வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தது. அந்தக் கருவியின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்) குறித்துக்கொண்டு, ஸ்டூல் போட்டு ஏறி, வாசல் கேமராவின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் டார்ச் அடித்துப் பார்த்தேன். அதே எண். வீடியோவை நாள் முழுக்க கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது. நொடிக்கு ஒரு மெகாபிட்தான், ஆனால் ஒரு நாளைக்கு 10 ஜிபி தாண்டிவிடும், மாதத்துக்கு 320 ஜிபிக்கு மேல்! ஆள் நடமாடினால் மட்டும் ஏற்று என்று மாற்றினேன், அடுத்த மாதம் கோட்டா மிஞ்சியது.

இரண்டு விஷயத்தில் நானே தடுமாறினேன். ஃபைபர் பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு எல்லாக் கருவிகளையும் புது ரவுட்டரில் சேருங்கள், அதன் வழியாகப் போகாதது அதன் லாக்கில் வராது. அப்புறம் நெட்டிலிருந்து கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபி போட்டு நேரத்தைச் சரிசெய்யுங்கள், தப்பான நேரத்தோடு வந்த லாக்கை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. ரவுட்டர் அனுப்பும் லாக்கைப் பெற்று வைக்கிற கம்ப்யூட்டர் எப்போதும் ஓட வேண்டும், சிஸ்லாக்குக்கு ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றில் ஆர்சிஸ்லாக் என்ற மென்பொருள் போட்டாலே போதும். விண்டோஸ் என்றால் அதற்கென ஒரு மென்பொருள் போட்டு, ஃபயர்வாலில் 514-ஐத் திறந்துவிட வேண்டும்.

வீட்டில் சொல்லாமல் மட்டும் இதைச் செய்யாதீர்கள். நான் சொன்னதும் என் மகள், "நான் என்ன பாக்குறேன்னு உங்களுக்குத் தெரியுமாப்பா?" என்று கேட்டாள். எந்தத் தளத்துக்குப் போனாய் என்பது பெரும்பாலும் தெரியும், உள்ளே எந்தப் பக்கம், என்ன எழுதினாய் என்பது தெரியாது, அது ஹெச்டிடிபிஎஸ் என்ற மறையாக்கப் பூட்டுக்குள் இருக்கிறது என்றேன். லாக்கைத் திறந்து அவள் போனின் வரிகளைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒரு வாரத்துக்கு மேல வெச்சிருக்காதீங்க" என்றாள். ஏழு நாளில் தானாக அழியும்படி அன்றைக்கே மாற்றிவிட்டேன்.