ஒன்றும் இல்லாதபோது செய்துகொள்ள வேண்டிய சோதனை

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் வீட்டிலுள்ள ஆண்கள் எழுந்து திண்ணைக்குப் போய்விட வேண்டாம், உங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் அதற்கு வருகிறேன்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சர்க்கரை பார்க்க, பிரஷர் பார்க்க வரும் பெண்களிடம், "வந்ததுதான் வந்தீங்க, கர்ப்பப்பை வாயையும் ஒரு தடவை பாத்துட்டுப் போங்கம்மா" என்று சொல்வோம். பத்துப் பேரில் எட்டுப் பேர் சொல்லும் பதில், "எனக்குத்தான் ஒண்ணும் இல்லியே சிஸ்டர்." வெள்ளைப்படுதல் இல்லை, வயிற்று வலி இல்லை, நான் எதுக்கு வந்து படுக்கணும்? நியாயமான கேள்விதான். உடம்புக்கு ஏதாவது வந்தால்தான் ஆஸ்பத்திரிக்குப் போவது என்று பழகிய நமக்கு வேறு எப்படித் தோன்றும்? ஆனால் இந்தச் சோதனையே ஒன்றும் இல்லாத பெண்ணுக்காக உண்டானது. ஏதாவது இருக்கிறது என்றால், அதாவது கணவன் மனைவி சேர்ந்த பிறகு ரத்தம் படுகிறது, மாதவிலக்கு அடியோடு நின்றுபோன பிறகு மறுபடி ரத்தம் தெரிகிறது, நாற்றத்தோடு நீர் போகிறது என்றால், முகாம் வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது, நேரே டாக்டரிடம் போய்விட வேண்டும். ஒன்றும் இல்லையா, அப்போ உங்களைத்தான் கூப்பிடுகிறோம்.

ஏன் அப்படி? இந்த நோய் மெதுவாக வருவது. கர்ப்பப்பையின் அடிப்பக்கம், குழந்தை வெளியே வரத் திறக்கிற இடம் இருக்கிறதே, அதுதான் கருப்பை வாய். அங்கே எச்.பி.வி. என்கிற வைரஸ் வந்து தங்குகிறது. மரு உண்டாக்குகிற வைரஸ் குடும்பம்தான். இந்தப் புற்றுநோய் வந்த பத்துப் பேரில் ஏழு பேருக்கு, அதில் 16, 18 என்று எண் போட்ட இரண்டு வகைகளே காரணம். இதைக் கண்டுபிடித்த ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். வைரஸ் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு வருடத்தில் உடம்பே அதைத் துரத்திவிடும். துரத்த முடியாமல் தங்கிவிட்டால்தான் அந்த இடத்துச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகின்றன. மாறி, புற்றுநோயாக ஆவதற்குப் பொதுவாக 15, 20 வருடம் ஆகும். எச்.ஐ.வி. போல உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற நோய் இருந்தால் அதில் பாதிக் காலம்கூட ஆகாமல் வந்துவிடலாம். அந்த 15 வருடமும் வலிக்காது, ரத்தம் வராது, வேலைவெட்டி எதுவும் கெடாது. அந்தக் காலத்தில் பார்த்துவிட்டால் சின்ன வைத்தியத்தோடு முடிந்துபோகும். வலி வந்து, ரத்தம் வந்து, அப்புறம் வருகிற பெண்ணுக்குக் கதிர்வீச்சு, கீமோ, பெரிய ஆபரேஷன் என்று கதையே வேறாகிவிடுகிறது.

2022 கணக்குப்படி நம் நாட்டில் ஒரு வருடத்தில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்திருக்கிறது, ஏறக்குறைய 80,000 பேர் இறந்திருக்கிறார்கள்.

இப்போது ஆண்கள் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வைரஸ் உடலுறவில் பரவுவது. அதைச் சொன்னால் போதும், வீட்டில் சண்டை ஆரம்பித்துவிடும், "உனக்கு எங்கிருந்து வந்தது, எனக்கு எங்கிருந்து வந்தது" என்று. தயவு செய்து அந்தப் பேச்சே வேண்டாம். திருமணமான ஆண், பெண் யாருக்கும் வாழ்க்கையில் எப்போதாவது ஒரு முறை வந்துபோகிற அளவுக்குச் சர்வ சாதாரணமான வைரஸ் இது. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஒழுக்கத்துக்குச் சான்றிதழ் கொடுக்கிற சோதனை இல்லை இது.

சரி, கருப்பை வாயிலிருந்து எடுத்த செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற சோதனை, பாப் ஸ்மியர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது யார் பெயர் தெரியுமா? இதைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள், பரவாயில்லை. கிரீஸ் நாட்டு டாக்டர் ஜார்ஜ் பாபனிகொலாவ். அவர் பெயரின் முதல் துண்டுதான் பாப். 1913-இல் மனைவியோடு கப்பலேறி நியூயார்க் போய் இறங்கினார், இங்கிலீஷும் சரியாகத் தெரியாது. கடையில் கார்ப்பெட் விற்றார். அந்த அம்மா பெயர் ஆண்ட்ரோமாகி, அவரும் கூலிக்குப் பித்தான் தைத்தார். அப்புறம் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் வேலை கிடைத்து, கினி பன்றிகளை வைத்து ஆராய்ச்சி. பன்றி என்று சொன்னாலும் எலி மாதிரி சின்னப் பிராணிதான். அவற்றின் பிறப்புறுப்பிலிருந்து கொஞ்சம் நீரை எடுத்துக் கண்ணாடியில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் செல்கள் எப்படி மாறுகின்றன என்று குறித்துக்கொண்டே வந்தார். பன்றிக்குச் சரி, பெண்களுக்கும் இப்படி மாறுமா என்று பார்க்க வேண்டுமே, எந்தப் பெண் வந்து படுப்பாள்? வீட்டுக்காரம்மாதான். ஆண்ட்ரோமாகி நாள் தவறாமல், வருடக்கணக்காகத் தன் உடம்பிலிருந்து மாதிரி எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்தம்மாவுக்கு ஒரு நோயும் இல்லை, அதைக் கவனியுங்கள்! நோய் இல்லாத பெண்ணின் செல் எப்படி இருக்கும் என்று அவரிடம் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதால்தான் நோய் இருக்கிற செல்லை அடையாளம் காண முடிந்தது. ஆண்ட்ரோமாகி தன் சிநேகிதிகளை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்து, அவர்களிடமும் மாதிரி கொடுக்கும்படி பேசிச் சம்மதிக்க வைத்தார் என்றும், அதில் ஒரு பெண்ணுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் தெரிய வந்தது என்றும் சொல்வார்கள். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு இதைக் கேட்கிற துணிச்சல் நம்மில் யாருக்கு வரும்! 1928-இல் பாபனிகொலாவ் இதைப் பற்றிச் சொன்னபோது மற்ற டாக்டர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1940-களில்தான் ஏற்றுக்கொண்டார்கள். சோதனைக்கு அவர் பெயர் நின்றது, அந்தம்மா பெயர் எங்கேயும் இல்லை. அதனால்தான் நான் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பாப் சோதனை நல்ல சோதனை, சந்தேகமில்லை. ஆனால் கண்ணாடியில் தடவியதை லேபுக்கு அனுப்ப வேண்டும், அங்கே பார்த்துச் சொல்லத் தெரிந்த ஆள் இருக்க வேண்டும், முடிவு திரும்பி வர வேண்டும், அதற்குள் அந்தப் பெண் களையெடுக்கவோ கரும்பு வெட்டவோ வேறு ஊருக்குப் போயிருப்பாள். அதனால் நம் ஊர்களில் செய்வது வேறு. வினிகர் இருக்கிறதல்லவா, ஓட்டலில் வெங்காயத்தில் ஊற்றிக் கொடுப்பது, அதில் இருக்கிற அசெட்டிக் அமிலம்தான். அதைப் பஞ்சில் நனைத்துக் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்திருந்து பார்ப்பது. மாறின செல்கள் இருந்தால் அந்த இடம் வெளுத்துக் காட்டும். சில இடங்களில் அயோடினும் தடவுவார்கள், நல்ல இடம் கருத்த பழுப்பாகும், மாறின இடம் மஞ்சளாகவே நிற்கும். அவ்வளவுதான்.

பயம் எல்லாம் அந்த மேஜையில் படுக்கிறதில்தான். உள்ளே பார்ப்பதற்கு ஸ்பெகுலம் என்று ஒரு கருவி, வாத்து மூக்கு மாதிரி இருக்கும், மெதுவாக வைத்துத் திறப்பார்கள். உடம்பை இறுக்கினால் அழுத்தும், வாயைத் திறந்து மூச்சு விட்டுத் தளர்த்திக்கொண்டால் அழுத்தாது. ஊசி கிடையாது, கத்தி கிடையாது, சில நிமிடத்தில் எழுந்து வந்துவிடலாம். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்குப் பயிற்சி எடுத்த பெண் நர்ஸ்தான் பார்ப்பார், ஆம்பளை டாக்டர் வருவாரோ என்று கூச்சப்பட வேண்டாம். காசும் கிடையாது. மாதவிலக்கு நாட்களில் மட்டும் வர வேண்டாம், முந்தின நாள் கணவனோடு சேர்வதையும் தவிர்த்துவிடுங்கள்.

இது ஏதோ ஏழைகளுக்கான மட்டமான சோதனை என்று நினைப்பவர்கள் உண்டு, படித்தவர்களே அப்படி நினைக்கிறார்கள். அவர்களுக்கு நான் திண்டுக்கல்லைச் சொல்வேன். ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில் உள்ள மருத்துவமனையும் அடையாறு புற்றுநோய் நிலையமும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பும் சேர்ந்து, 2000-ஆம் வருடத்திலிருந்து திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். 30 வயது முதல் 59 வரை உள்ள 49,000 பெண்களைக் கூப்பிட்டார்கள், 31,000 பேர் வந்தார்கள். பார்த்தது நர்ஸுகள்தான், தேவைப்பட்டவர்களுக்குக் குளிர் சிகிச்சை, அதாவது மாறின செல்களைக் குளிர வைத்து அழிக்கிற வைத்தியம், கொடுத்ததும் நர்ஸுகள்தான். ஒரே ஒரு முறைதான் இந்தச் சோதனை. சோதனை நடக்காத ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ஏழு வருடத்தில் இந்த நோய் வருவது 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தது. கூப்பிட்டும் வராத பெண்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது! 2007-இல் லான்செட் என்கிற மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்து, உலகத்திலுள்ள டாக்டர்கள் எல்லாம் படித்தார்கள். நம் ஊர் முருங்கைக்காய் மார்க்கெட் பக்கத்தில் நடந்த காரியம், நமக்குத்தான் தெரியவில்லை.

அப்புறம் 2007-இல் தேனியிலும் தஞ்சாவூரிலும் அரசு சோதனை முறையில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கக் கொண்டு வந்தார்கள். அப்படியிருந்தும் 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தச் சோதனையை ஒரு முறையாவது செய்துகொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. நாட்டுக் கணக்கோ நூற்றுக்கு இரண்டுதான், அதோடு பார்த்தால் நாம் மேல் என்று பெருமைப்படுவதா, எனக்கு மனசு வரவில்லை.

சோதனையில் 'பாசிட்டிவ்' என்று சொன்னதும் அழுதுகொண்டே வீட்டுக்குப் போய், அப்புறம் வராமலே இருந்துவிடுவார்கள். எங்களுக்கு இருந்த பெரிய தலைவலி அதுதான். திண்டுக்கல் ஆய்விலேயே நூற்றுக்குப் பத்துப் பேருக்கு வெளுப்புத் தெரிந்தது, அவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. வெளுத்திருக்கிறது என்றால் இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். ஜி.எச்.சுக்கு அனுப்புவார்கள், கால்போஸ்கோப் என்கிற கருவியில் பெரிதாக்கிப் பார்ப்பார்கள், தேவையென்றால் ஒரு துளி சதை எடுத்து அனுப்புவார்கள். மாறின செல்கள்தான் என்றால் அந்த இடத்தைக் குளிர வைத்தோ சூடு கொடுத்தோ அழித்துவிடலாம், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். கொஞ்ச வாரம் தண்ணீர் மாதிரி போகும், ஒரு மாதம் போலத் தாம்பத்தியம் வேண்டாம், அவ்வளவே. கர்ப்பப்பையை எடுக்கிற பேச்சே அங்கே கிடையாது. ஆனால் அந்த இரண்டாவது முறை போகாவிட்டால் முதல் முறை படுத்ததற்குப் பலனே இல்லை. நூறு நாள் வேலையில் ஒரு நாள் போய்விடும், பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும், மாமியாரிடம் சொல்ல வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும், இருந்தாலும் போய்விடுங்கள். அப்புறம் போன் நம்பர். மகன் நம்பரைக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள், அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், நர்ஸ் போன் போட்டால் அவனிடம் இதை எப்படிச் சொல்வது? உங்கள் நம்பர், இல்லையென்றால் அக்கா தங்கை நம்பர் கொடுங்கள்.

ஒன்றும் தெரியவில்லை, நெகட்டிவ் என்றாலும் ஐந்து வருடம் கழித்து மறுபடி வர வேண்டும். 30 வயதில் தொடங்கலாம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டது, எனக்கு வேண்டாம் என்பார்கள், அந்த ஆபரேஷனில் குழாயைத்தான் கட்டுகிறார்கள், கர்ப்பப்பை வாய் அங்கேயேதான் இருக்கிறது. மாதவிலக்கு நின்றவர்களும் விட்டுவிடக் கூடாது. அவர்களுக்கு வயது ஏற ஏற, பார்க்க வேண்டிய இடம் உள்ளே போய்விடுவதால் வினிகர் சோதனை அவ்வளவு சரியாகக் காட்டாது, பாப் சோதனையோ எச்.பி.வி. சோதனையோ நல்லது. வைரஸ் இருக்கிறதா என்றே பார்க்கிற இந்த எச்.பி.வி. சோதனையைத்தான் உலக சுகாதார நிறுவனம் இப்போது முதலில் சொல்கிறது, பெண்களே மறைவாகப் போய் ஒரு குச்சியால் தாங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம், மேஜையும் வேண்டாம் கூச்சமும் வேண்டாம். எல்லா ஊருக்கும் அது சீக்கிரம் வர வேண்டும். இதைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார்கள்.

தடுப்பூசியை அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் போட்டால் நன்றாகக் கேட்கும், வைரஸ் வருவதற்கு முன்னாலேயே போட வேண்டும் என்பதால்தான் அந்த வயது. கல்யாணத்துக்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். நம் நாட்டிலேயே செர்வாவாக் என்று தயாரிக்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது, பள்ளிக்கூடத்தில் சம்மதக் கடிதம் கொடுத்து அனுப்பினால் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஊசி போட்ட பிள்ளையும் 30 வயதானால் சோதனைக்கு வர வேண்டும், ஏனென்றால் ஊசி எல்லா வகை வைரஸையும்... சரி, ஒரு விரல்தான் காட்டுகிறார்கள். பெற்றோர்கள் கேட்கிற மற்ற சந்தேகங்களை உங்கள் ஊர் கிராம சுகாதார நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவருக்கு இதெல்லாம் தெரியும். வணக்கம்.