சந்தேகங்களுக்கு விளக்கம்: ஸ்டாரையும் கேக்கையும் விட்டுவிட வேண்டுமா?

சரி, அடுத்த கேள்வி, ராமேஸ்வரம் தீவில் மீனவர்கள் வாழும் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். "ஃபாதர், டிசம்பர் பிறந்தாலே வீட்டில் ஸ்டார், புது டிரஸ், கேக் இதே பேச்சுதான். கிறிஸ்துமஸ் என்றால் என்ன என்று பிள்ளைகளிடம் கேட்டால், கிறிஸ்துமஸ் தாத்தா கிஃப்ட் கொண்டு வருவார் என்கிறார்கள். கொழுந்தனார் வேறு சபைக்குப் போகிறவர், இதெல்லாம் பைபிளில் இல்லை, டிசம்பர் 25-ம் இல்லை, விட்டுவிடுங்கள் என்கிறார். என்ன செய்வது?"

கொழுந்தனார் சொல்வதில் பாதி சரிதான் அம்மா. தேதி நற்செய்தியில் கிடையாது. ரோமில் 336-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ல் கொண்டாடியதாகப் பழைய பட்டியல் ஒன்று சொல்கிறது, அவ்வளவுதான். இயேசு பிறந்த தொழுவம் மாதிரி கட்டும் குடிலில் வைக்கிறோமே மாடும் கழுதையும், அவையும் லூக்கா நற்செய்தியில் இல்லை. 1223-ல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் புனித அசிசி பிரான்சிஸ் நிஜமான மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, வைக்கோல் பரப்பிக் காட்டினார். குழந்தை இயேசு பட்ட சிரமத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. நம் குடிலில் சிரமம் எங்கே இருக்கிறது? சீரியல் லைட்டு, தெர்மாகோல் பனி. ராமநாதபுரத்தில் பனி!

ஆனால் ஸ்டார் கட்டுவதால் விசுவாசம் போய்விடாது. என்னைக் கேட்டால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. நாம் டிசம்பர் 1-ஆம் தேதியே பண்டிகையைத் தொடங்கிவிட்டு 25 மத்தியானம் பிரியாணியோடு முடித்துவிடுகிறோம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் காத்திருந்து தயாராகத் திருவருகைக் காலம் என்று நான்கு ஞாயிறு எதற்கு இருக்கிறது? அந்த ஞாயிறுகளில் கோவிலில் 'உன்னதங்களிலே' என்ற வானவர் கீதம் பாடுவதில்லை, கவனித்திருப்பீர்கள், அதை 24 ராத்திரிக்காக வைத்திருக்கிறோம். வீட்டிலும் அப்படியே செய்யுங்கள். குடில் கட்டுங்கள், பாலன் இயேசு சுரூபத்தை மட்டும் வைக்காதீர்கள், தீவனத் தொட்டி காலியாகவே இருக்கட்டும். பக்கத்தில் பனை ஓலையை மெல்லிசாகக் கிழித்துப் போட்டு வையுங்கள். அன்றைக்குச் சண்டை போட்ட தம்பியிடம் போய்ப் பேசினாயா, ஆச்சிக்குத் தண்ணீர் தூக்கிக் கொடுத்தாயா, அப்படியானால் ஒரு ஓலையை எடுத்துத் தொட்டியில் போடு என்று சொல்லுங்கள். ராத்திரி செபமாலை முடிந்ததும் லூக்கா முதல் இரண்டு அதிகாரத்தில் நாலு வசனம் வாசித்தால் போதும், பெரிய பிரசங்கம் வேண்டாம். 24 ராத்திரி பூசை முடிந்து வந்ததும் வீட்டிலேயே ரொம்பச் சின்னதாக இருக்கிற பிள்ளை, பாலன் சுரூபத்தைக் கொண்டுவந்து அந்த ஓலை மேல் வைக்கட்டும். தூங்கி வழிந்துகொண்டுதான் வைக்கும், வைக்கட்டும்.

தாத்தாவை விரட்ட வேண்டாம், கதையைச் சரியாகச் சொல்லுங்கள். அவர் இன்றைய துருக்கியில் இருந்த மீரா நகரத்து ஆயர் (பிஷப்) நிக்கோலாஸ், டிசம்பர் 6 அவர் திருநாள், கடலில் போகிறவர்களுக்குப் பாதுகாவலர். பொம்மைக்கடைக்காரர்களைவிட, கடலை நம்பி வாழும் நமக்குத்தான் அவர் நெருக்கம்!

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். டிசம்பரில் வாடைக்காற்று அடிக்கும், பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிடுவார்கள், கடலுக்குப் போக டோக்கன் கிடைக்காது, படகு கரையில் கிடக்கும். அந்த நேரத்தில் வட்டிக்கு வாங்கித்தான் நாலு பேருக்கும் புது டிரஸ் எடுக்க வேண்டுமென்று எந்தத் திருச்சபையும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் பிள்ளைக்குப் புதுசு போட்டுவிட்டார்களே என்ற பேச்சுதான் நம்மைக் கடனில் தள்ளுகிறது. பிறந்த செய்தி முதலில் யாருக்குப் போனது? ராத்திரி கண் விழித்து வேலை பார்த்த இடையர்களுக்கு. வலை வளைக்கிற வீட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. புருஷன் இலங்கைச் சிறையில் இருக்க, பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருக்கிற பெண் உங்கள் தெருவில் இருந்தால், கேக்கின் முதல் துண்டு அந்த வீட்டுக்குப் போகட்டும். சும்மா கொடுத்துவிட்டு ஓடி வராதீர்கள், உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

அப்புறம், 26-ஆம் தேதியே ஸ்டாரை அவிழ்க்காதீர்கள். ஜனவரியில் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரைக்கும் கிறிஸ்து பிறப்புக் காலம்தான்.

கொழுந்தனாரோடு வாதம் வேண்டாம். 25-ஆம் தேதி சாப்பிடக் கூப்பிடுங்கள், சாப்பிடுவதற்கு முன்னால் லூக்கா இரண்டாம் அதிகாரத்தை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள், அவர்கள் நம்மைவிட நன்றாக வாசிப்பார்கள். சரி, அடுத்த கேள்வி மண்டபம் ஊரிலிருந்து.