விலை போடலாம், பூட்டுப் போடக் கூடாது

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இணையத்தில் சும்மா கிடைக்கிற, படங்களைத் திருத்த உதவும் கிம்ப் மென்பொருளை ஒரு பென்டிரைவில் ஏற்றி 500 ரூபாய்க்கு விற்றால் குற்றமா? குற்றமே இல்லை. 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் சேர்த்துக் குறிப்பதால் ஆங்கிலத்தில் விளைந்த குழப்பம் இது. யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் இவ்வகையைக் 'கட்டற்ற மென்பொருள்' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். இந்த இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-ல் ஈமேக்ஸ் என்ற உரைத்திருத்தியைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றார். இத்தகைய மென்பொருளுக்குப் பரவலாகப் பயன்படும் ஜிபிஎல் உரிமத்தின், 2007-ல் வெளியான மூன்றாம் பதிப்பில் நான்காம் பிரிவு, ஒரு நகலுக்கு எந்த விலையும் வைக்கலாம், விலையில்லாமலும் தரலாம் என்று வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள் ஸ்டீம் என்ற இணையக் கடையில் காசுக்குக் கிடைக்கிறது. அதன் சொந்தத் தளத்தில் இலவசம்.

விற்பவர்கள் இடறி விழுவது பெரும்பாலும் மூலநிரலில்தான், அதாவது நிரலர் எழுதிய, மாற்றி எழுதத்தக்க வடிவில்தான். அந்த கிம்ப் பென்டிரைவையே எடுத்துக்கொள்வோம். அது ஜிபிஎல் மூன்றாம் பதிப்பின்கீழ் வருகிறது. நிறுவும் கோப்பை மட்டும் போட்டுக் கொடுத்தால் உரிமத்தை மீறியாயிற்று. உரிம வாசகம் முழுதாக உள்ளே இருக்க வேண்டும். அதே பென்டிரைவில் இன்னொரு கோப்புறை திறந்து, நீங்கள் விற்கிற அதே பதிப்பின் மூலநிரலையும் போட்டுவிடுங்கள். இடம் போதவில்லை என்றால், கேட்பவருக்கு மூலநிரல் தருவோம் என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். அந்த உறுதி குறைந்தது மூன்று ஆண்டு செல்லும். வட்டில் பதிந்து அனுப்பினால் ஆகும் செலவுக்கு மேல் வாங்கக் கூடாது. இணையத்தில் தந்தால் காசே கேட்கக் கூடாது.

"மூலநிரல் அவர்கள் தளத்திலேயே இருக்கிறதே" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு ஆண்டு கழித்து ஒருவர் உங்கள் உறுதிமொழியோடு வந்து நிற்கும்போது, தளத்தின் முகப்பில் இருப்பது புதிய பதிப்பு. அவர் கேட்பதோ நீங்கள் அன்று விற்ற பதிப்பு. தர வேண்டிய பொறுப்பு உங்களுடையது. ஆகவே நிறுவும் கோப்பை இறக்குகிற அன்றே மூலநிரலையும் இறக்கி, பதிப்பு எண்ணோடு பத்திரப்படுத்துங்கள். நிரலில் கைவைத்திருந்தால் உங்கள் மாற்றங்களும் அதில் சேர வேண்டும். மாற்றியதையும் மாற்றிய தேதியையும் குறித்திருக்க வேண்டும்.

இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும்? ஜிபிஎல் உரிமத்தில் வரும் பிஸிபாக்ஸ் என்ற சிறு கருவித்தொகுப்பைத் தங்கள் கருவிகளில் வைத்து விற்று மூலநிரல் தராத 14 நிறுவனங்கள் மீது 2009 டிசம்பரில் நியூயார்க்கில் வழக்குத் தொடரப்பட்டது. அதில் ஒன்றான வெஸ்டிங்ஹவுஸ் டிஜிட்டலுக்கு எதிராக 2010-ல் 90,000 டாலர் இழப்பீடு விதித்ததோடு, மீறலுக்குள்ளான தொலைக்காட்சிப் பெட்டிகளையும் ஒப்படைக்கச் சொன்னது நீதிமன்றம். ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில் மீறிய கணமே உரிமம் போய்விடும். மூன்றாம் பதிப்பு கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது: முதல் தவறு என்றால், அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் திரும்பக் கிடைக்கும்.

அடுத்தது பூட்டு. "இதை நகலெடுக்கக் கூடாது" என்று உறையில் அச்சடித்தால், ஜிபிஎல் நிரலைப் பொறுத்தவரை அந்த வரி செல்லாது. வாங்கியவர் மறுநாளே ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கலாம், உங்களைவிடக் குறைந்த விலைக்கு விற்கவும் செய்யலாம். நகல் விற்பதை மட்டுமே நம்பிக் கடை நடத்துவது கடினம். நிறுவித் தருவது, பயிற்சி, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்கு வாங்கும் காசுதான் நிலைக்கும்.

பெயர் தனிச் சங்கதி. நிரலின் உரிமம் வணிகச் சின்னத்தைத் தருவதில்லை. லினக்ஸ் இயங்குதளத் தொகுப்பான டெபியன், தன் மாற்றங்களோடு ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தர, 2006 முதல் 2016 வரை 'ஐஸ்வீசல்' என்ற பெயரைத்தான் சூட்டியிருந்தது.

தமிழ் எழுத்துரு விற்க நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு வெளிவருகிற எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமம், எழுத்துருவைத் தனியாக விற்கத் தடை போடுகிறது. ஒரு மென்பொருளோடு சேர்த்து விற்கலாம். 'வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்' என்று போட்டிருந்தால் தொடவே வேண்டாம், அது கட்டற்ற உரிமமே அல்ல.

இந்தப் பொருள் இணையத்தில் இலவசம் என்று வாங்குபவரிடம் சொல்லும்படி ஜிபிஎல் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். 500 ரூபாய் எதற்கு என்று பில்லில் எழுதிக் கொடுங்கள்: பென்டிரைவுக்கு இவ்வளவு, நிறுவித் தந்ததற்கு இவ்வளவு.